இரண்டு கட்டங்களில் அடைக்கப்பட்ட வரலாறு: துணைநூல் ஆசிரியர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கான உலக வரலாற்றுத் துணைநூலின் ஆசிரியர் குழுவினர் அவர்களுக்கு,

தங்கள் நூலின் முந்தைய பதிப்பில் சமயமும் அரசதிகாரமும் பற்றி நான்கு பக்கங்களில் ஒரு பகுதி இருந்தது. புதிய பதிப்பில் அதை நீக்கிவிட்டு, கிறித்தவம், இஸ்லாம் என்று இரண்டு தலைப்புகளின் கீழ் ஓர் ஒப்பீட்டு அட்டவணையை மட்டும் அச்சிட்டிருக்கிறீர்கள். கிறித்தவம் தொடக்கம் முதலே சமயத்தையும் அரசையும் பிரித்து வைத்தது என்றும், இஸ்லாத்தில் அவ்விரண்டும் என்றைக்கும் ஒன்றே என்றும், அதனால்தான் முன்னது பரவிய நாடுகளில் மக்களாட்சி வளர்ந்தது, பின்னது பரவிய நாடுகளில் வளரவில்லை என்றும் அந்த அட்டவணை சொல்கிறது. இதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் என்று நூலின் பின்பகுதியில் உள்ள விடைக்குறிப்பு உறுதி தருகிறது. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் பல ஆண்டுகளாக வரலாறு கற்பித்துவரும் நான், இந்த அட்டவணையை என் மாணவர்களுக்குக் கற்பிக்க மறுக்கிறேன். அதற்கான காரணங்களை உங்களுக்கும், இந்நூலைப் பயன்படுத்தும் பிற ஆசிரியர்களுக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

முன்னர் உங்கள் பதிப்பகத்துக்குத் தனியாக எழுதிக் கேட்டபோது, மாணவர்களின் சுமையைக் குறைக்கவே பகுதி சுருக்கப்பட்டது என்று பதில் வந்தது. சுமையைக் குறைப்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. நான்கு பக்கங்களை ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கியிருந்தால் நானே நன்றி சொல்லியிருப்பேன். இங்கே நடந்திருப்பதோ சுருக்கம் அன்று. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பூசலையும் பேரத்தையும் இரத்தத்தையும் எடுத்துவிட்டு, இரண்டு சமயங்களுக்கும் மாறாத இயல்பு ஒன்று இருப்பதுபோல ஒரு தீர்ப்பை அந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

அந்தத் தீர்ப்பை வகுப்பில் படித்துக் காட்டியபோது, காயல்பட்டினத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்க ஊர்ல ஆட்சி எப்பவுமே வேற ஆளுங்க கையிலதான இருந்திருக்கு. பாண்டியர், நாயக்கர், டச்சுக்காரன், வெள்ளைக்காரன். அப்ப ஆட்சி இல்லாம எங்க மார்க்கம் இருக்காதுன்னு எப்படி எழுதச் சொல்லுதீங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்வரிசையில் இருந்த மணப்பாட்டு மாணவன், தன் ஊருக்குச் சவேரியாரை அனுப்பி வைத்ததே போர்ச்சுக்கல் ராஜாதானே என்று கேட்டான். பதினாறு வயதுப் பிள்ளைகள் இருவரும், சொந்த ஊரின் கதையைக் கொண்டே உங்கள் அட்டவணையின் இரண்டு பக்கங்களையும் கேள்வி கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன விடையை இன்னும் விரிவாக இங்கே தருகிறேன்.

எங்கள் கடற்கரையில் இஸ்லாம் வேரூன்றியது வணிகர்களால். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தையும் அங்கு வந்திறங்கிய குதிரைகளையும் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் குதிரைகளைக் கொண்டுவந்த அரபு, பாரசீக வணிகர்களும், அவர்களோடு மணவுறவு கொண்டு இங்கேயே தமிழர்களாகிப்போன மரக்காயர் குடும்பங்களும் பாண்டிய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டே வாழ்ந்தார்கள். மதுரையில் 1335 முதல் சில பத்தாண்டுகள் சுல்தான்கள் ஆண்டதும், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபின் அதிகாரம் தெற்கே வந்ததும் உண்மைதான். ஆனால் காயலிலும் கீழக்கரையிலும் பள்ளிவாசல்களும் ஜமாஅத்துகளும் அந்த ஆட்சிகளுக்கு முன்பே தோன்றி, அவை போன பின்பும் நிலைத்தன. அவற்றைத் தாங்கி நின்றது வணிகமும் ஊர்க்கட்டுப்பாடும் ஆலிம்கள் என்னும் மார்க்க அறிஞர்களின் கல்வியுமே.

அதே கரையில் கத்தோலிக்கம் வந்த வழி வேறு. 1530களில் முத்துக்குளிப்புத் துறைகளில் ஏற்பட்ட பூசலில் நெருக்கடிக்கு ஆளான பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். பாதுகாப்பும் திருமுழுக்கும் சேர்ந்தே வந்தன. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்ததும் போர்ச்சுக்கல் மன்னர் மூன்றாம் ஜானின் வேண்டுகோளின் தொடர்ச்சியாகத்தான். மணப்பாட்டுக் குன்றின் குகையில் அவர் தவமிருந்ததை ஊரார் இன்றும் பக்தியோடு சொல்கிறார்கள், அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். ஆயினும் வரலாற்று ஆசிரியையாக அதற்கு மேலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போப்பாண்டவர்கள் வழங்கிய உரிமைகளின்படி, கீழை நாடுகளில் ஆயர்களைப் பரிந்துரைக்கும் அதிகாரமும் திருச்சபையைப் பேணும் பொறுப்பும் போர்ச்சுக்கல் மன்னரிடமே இருந்தன. பத்ரவாதோ எனப்பட்ட அந்த ஏற்பாட்டின் கீழ்த்தான் 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவாயிற்று. 1622இல் ரோமாபுரி தனக்கென ஒரு மறைபரப்புப் பேராயத்தை நிறுவிய பிறகு, கோவாவின் ஆளா, ரோமையின் ஆளா என்று நம் ஊர்ப் பங்குகள் தலைமுறை தலைமுறையாகப் பிளவுபட்டுக் கிடந்தன. ஒரு மீனவ ஊரின் பங்குத்தந்தை யார் என்பதில் லிஸ்பன் அரண்மனைக்குச் சொல் இருந்த காலத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

1658இல் டச்சுக் கம்பெனி தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்ததும் நிலைமை தலைகீழாயிற்று. புராட்டஸ்டண்ட் மரபின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த டச்சுக்காரர்கள், தாங்கள் ஆண்ட இலங்கைப் பகுதிகளில் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தார்கள். மக்கள் இரவில் ஒளிந்து பூசை காண வேண்டியிருந்தது. கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் 1687இல் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தார். பின்னர் கண்டி இராச்சியத்தில் முதலில் ஒற்றன் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டாலும், மெய்யாக அவருக்கு ஊழியம் செய்யும் உரிமையைக் கொடுத்தவர் அங்கிருந்த பௌத்த மன்னர். ஒரு கிறித்தவ ஆட்சி இன்னொரு கிறித்தவச் சபையை ஒடுக்கியது, பௌத்த அரசர் ஒருவர் அதற்கு நிழல் கொடுத்தார். இந்த ஒரு செய்தியைக் கேட்டால் போதும், "கிறித்தவம் அரசைப் பிரித்து வைத்தது" என்ற வரியை எந்த மாணவனும் கேள்வி கேட்காமல் ஏற்கமாட்டான்.

இனி மூலத்துக்கு வருகிறேன். சீசருக்கு உரியதைச் சீசருக்கும் கடவுளுக்கு உரியதைக் கடவுளுக்கும் கொடுங்கள் என்ற இயேசுவின் சொல்லை நீங்கள் சான்றாகத் தந்திருக்கிறீர்கள். அச்சொல் சொல்லப்பட்ட சூழலை மட்டும் விட்டுவிட்டீர்கள். இயேசு உரோமைப் பேரரசுக்கு அடிமைப்பட்ட நாட்டில் பிறந்து, உரோமை ஆளுநன் பிலாத்துவின் ஆணையால் சிலுவையில் மாண்டவர். அவருடைய சீடர்களுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் படையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை, வரி வாங்கும் உரிமையும் இல்லை. 303இல் தயோகிளீஷியன் தொடங்கிய துன்புறுத்தலில் தேவாலயங்கள் இடிக்கப்பட்டன, மறைநூல்கள் எரிக்கப்பட்டன. ஆட்சிக்கு வெளியே, ஆட்சியை மீறி, தனக்கென ஆயர்களையும் விதிகளையும் ஏழைகளுக்கான நிதியையும் வைத்துக்கொண்டு ஓர் அமைப்பு வளர்ந்தது. இந்தத் தொடக்கம் கிறித்தவத்தின் உடலமைப்பையே தீர்மானித்தது. உங்கள் அட்டவணையில் உள்ள உண்மையின் துளி இதுதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 313இல் கான்ஸ்டன்டைன் கிறித்தவத்துக்கு உரிமை வழங்கிய பிறகு நடந்தது என்ன? 325இல் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டியவர் அந்தப் பேரரசரே, அப்போது அவர் திருமுழுக்குக்கூடப் பெற்றிருக்கவில்லை. 380இல் தியோடோசியஸ் காலத்தில் கிறித்தவமே பேரரசின் சமயம் ஆயிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்குள், ஏறத்தாழ 385இல், பிரிசில்லியன் என்ற ஆயர் திரியர் நகரில் பேரரசின் ஆணைப்படி கொல்லப்பட்டார். வழக்கு முறைப்படி சூனியக் குற்றச்சாட்டில் நடந்தாலும், அவரைத் துரத்தியவர்கள் அவருடைய கொள்கையை வெறுத்த ஆயர்களே. தூர் நகரத்து மார்ட்டின் இந்தக் கொலைத்தண்டனையைத் தடுக்க மன்றாடினார், முடியவில்லை. சிங்கத்தின் வாயில் வீசப்பட்டவர்களின் சபை ஒரு நூற்றாண்டுக்குள் வாளைக் கையில் வாங்கிக்கொண்டது, அதைப் பார்த்துக் கலங்கியவர்களும் அந்தச் சபைக்குள்ளேயே இருந்தார்கள். இவ்விரண்டும் சேர்ந்ததே வரலாறு.

மேற்கில் இரு அதிகாரங்கள் என்ற எண்ணம் வளர்ந்ததும் இந்த மோதல்களிலிருந்தே. 390இல் தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவித்த பழிக்காகத் தியோடோசியஸ் பேரரசரையே மிலான் ஆயர் அம்புரோஸ் நற்கருணையிலிருந்து விலக்கி, பகிரங்கமாக மனம் வருந்தச் செய்தார். 494இல் முதலாம் கெலாசியுஸ் என்ற போப்பாண்டவர் கான்ஸ்டான்டிநோபிள் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், உலகை ஆள்வன குருக்களின் அதிகாரமும் அரசரின் அதிகாரமும் ஆகிய இரண்டு என்று எடுத்துரைத்தார். ஆயர்களை நியமிப்பது யார் என்ற சண்டையில், 1077 சனவரியில் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி கனோசாக் கோட்டை வாசலில் பனியில் மூன்று நாள் காத்து நின்று ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புப் பெற்றார். சில ஆண்டுகளில் அதே ஹென்றி ரோமைப் படையெடுத்துப் பிடிக்க, கிரகோரி 1085இல் சலேர்னோவில் அகதியாக இறந்தார். 1122இல் வோர்ம்ஸ் நகரில் ஏற்பட்ட உடன்பாடு இருதரப்பும் களைத்துப்போய்ச் செய்துகொண்ட சமரசம். இதில் எந்தத் தரப்பும் பிரிவினையை விரும்பவில்லை, ஒவ்வொன்றும் மற்றதைத் தனக்குக் கீழே வைக்கவே விரும்பியது. இரண்டுமே முழுவெற்றி பெறாததால் நடுவில் கிடைத்த இடைவெளியில்தான் பிற்காலத்துச் சுதந்திரங்களில் சில முளைத்தன.

அந்த இடைவெளி எல்லாக் கிறித்தவ நாடுகளிலும் கிடைக்கவும் இல்லை. ரஷ்யாவில் மகா பீட்டர் 1721இல் திருச்சபைத் தலைவரான மறைமுதல்வரின் பதவியையே ஒழித்து, திருச்சபையை அரசின் ஒரு துறைபோல் ஆக்கினார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1534இல் சபையின் தலைமையைத் தாமே எடுத்துக்கொண்டார், இன்றும் அந்நாட்டு மன்னரே ஆங்கிலிக்கன் சபையின் உச்ச ஆளுநர், பிரபுக்கள் அவையில் இருபத்தாறு ஆயர்களுக்கு இடம் உண்டு. போப்பாண்டவரே 1870 வரை நடு இத்தாலியில் ஒரு நாட்டை ஆண்ட அரசர். அரசும் திருச்சபையும் பிரிக்கப்பட வேண்டும் என்ற கருத்தைப் பிழையான கருத்துகளின் பட்டியலில் ஒன்றாக 1864இல் ஒன்பதாம் பயஸ் வெளியிட்டார். சமயச் சுதந்திரம் ஒவ்வொரு மனிதருக்கும் உரியது என்று கத்தோலிக்கத் திருச்சபை தன் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டில் ஏற்றது 1965இல். என் மாணவர்களின் தாத்தா பாட்டிகள் பள்ளியில் படித்த காலம் அது. "தொடக்கம் முதலே" என்று எழுதிய உங்கள் எழுத்தாளர் இந்த ஓர் ஆண்டையாவது பார்த்திருக்க வேண்டாமா?

இஸ்லாத்தின் தொடக்கம் இதிலிருந்து மெய்யாகவே வேறுபட்டது. அந்த வேறுபாட்டை மறைப்பதும் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகமே. மக்காவில் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் நபிகள் நாயகமும் அவரைப் பின்பற்றியோரும் அதிகாரமின்றி ஒடுக்கப்பட்டார்கள். அந்த ஒடுக்குதலிலிருந்து தப்பிய முதல் அகதிகளுக்கு அபிசீனியாவின் கிறித்தவ மன்னரே அடைக்கலம் கொடுத்தார் என்பது முஸ்லிம் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டு வளரும் செய்தி. 622இல் மதீனாவுக்குப் பெயர்ந்த பின், குலங்களுக்கிடையே தீர்ப்புச் சொல்பவராகவும் படைத்தலைவராகவும் உடன்படிக்கை செய்பவராகவும் நாயகமே இருந்தார். மதீனாவில் முஸ்லிம்களோடு யூதக் குலங்களையும் உள்ளடக்கி எழுதப்பட்ட உடன்படிக்கை, ஒரு நம்பிக்கைச் சமூகம் அதே வேளையில் அரசியல் சமூகமாகவும் உருவெடுத்ததைக் காட்டுகிறது. நிறுவனரின் வாழ்நாளிலேயே ஆட்சியும் கூடிய சமயத்துக்கு, ஆட்சி எப்படி நீதியாக நடக்க வேண்டும் என்பது தொடக்கம் முதலே சமயக் கேள்வி ஆயிற்று. மூன்று நூற்றாண்டு ஆட்சியின்றி வாழ்ந்த சபைக்கு அது பின்னால் வந்து சேர்ந்த கேள்வி. இந்த அளவுக்கு உங்கள் அட்டவணை சொல்லியிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் 632இல் நாயகம் மறைந்த நாளிலேயே, இனி யார் ஆள்வது என்ற கேள்வி பெரும் சோதனையாக எழுந்தது. அவருக்குப் பின் ஆண்ட கலீஃபாக்களில் உமர் 644இலும் உஸ்மான் 656இலும் அலீ 661இலும் கொல்லப்பட்டார்கள். 680இல் கர்பலாவில் நபிகளின் பேரர் ஹுசைனைக் கொன்றது முஸ்லிம் கலீஃபா ஒருவரின் படைதான். ஆட்சியும் மார்க்கமும் எக்காலமும் ஒன்றே என்றால், ஆண்டுதோறும் முஹர்ரம் மாதத்தில் கோடிக்கணக்கானோர் எதற்காகத் துக்கம் காக்கிறார்கள்? அதிகாரத்தில் இருப்பவன் மார்க்கத்துக்கு மாறாகப் போகலாம் என்ற எண்ணம் அந்தத் துக்கத்திலேயே இருக்கிறது.

அதன் பின் மார்க்கச் சட்டத்தை வளர்த்தவர்கள் அரண்மனைக்கு வெளியே இருந்த அறிஞர்கள். ஹனஃபி மத்ஹபு என்ற மார்க்கச் சட்ட மரபுக்குப் பெயர் தந்த இமாம் அபூ ஹனீஃபா, கலீஃபா மன்சூர் கொடுத்த காஜி (நீதிபதி) பதவியை ஏற்க மறுத்துச் சிறைப்பட்டார் என்றும் 767இல் அந்நிலையிலேயே இறந்தார் என்றும் மரபு வரலாறு சொல்கிறது. 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் என்றென்றும் இருந்தது அன்று, படைக்கப்பட்டது என்ற கொள்கையை அறிஞர்கள் ஏற்றாக வேண்டும் என்று விசாரணை தொடங்கினார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அதற்குப் பணிய மறுத்து, அடுத்த கலீஃபாவின் காலத்தில் கசையடி பட்டார். பின்னர் வந்த கலீஃபா முதவக்கில் அந்த விசாரணையைக் கைவிட்டார். மார்க்கம் எது என்று ஆணையிடும் உரிமை கலீஃபாவுக்கு இல்லை என்பது அங்கே ஏறத்தாழ முடிவாகிவிட்டது. ஓர் அறிஞரின் முதுகில் விழுந்த கசையடியால் ஒரு பேரரசின் உரிமைக்கு எல்லை வகுக்கப்பட்ட இந்த நிகழ்வு, கனோசாவுக்கு நிகரான இடத்தை எந்த உலக வரலாற்று நூலிலும் பெறத் தக்கது. உங்கள் நூலில் கனோசாவுக்கும் இடமில்லை, இதற்கும் இடமில்லை.

945இல் புவைஹியர் என்ற படைத்தலைவர் குலத்தினர் பாக்தாதைப் பிடித்த பிறகு கலீஃபா பெயரளவுக்கே தலைவர், வாள் அமீர்களிடமும் பின்னர் செல்ஜுக் சுல்தான்களிடமும் இருந்தது. சட்டம் உலமாக்கள் என்ற மார்க்க அறிஞர்களிடம், படையும் வரியும் சுல்தானிடம், மதரசாவும் மருத்துவமனையும் வக்ஃபு என்னும் அறக்கொடைச் சொத்துகளிடம் என்று பொறுப்புகள் பிரிந்தே கிடந்தன. இங்கேதான் இரு சமயங்களுக்கும் உள்ள மெய்யான வேறுபாட்டை நான் காண்கிறேன். மேற்குக் கிறித்தவத்தில் போப்பாண்டவர், ஆயர், குரு என்ற படிநிலையும், தனி நீதிமன்றங்களும், பரந்த நிலங்களும் கொண்ட திருச்சபை என்ற அமைப்பு இருந்தது. அது அரசனோடு மோதவும் பேரம் பேசவும், பிற்காலத்தில் விலகவும் முடிந்தது. சுன்னி இஸ்லாத்தில் குருப்பட்டமும் இல்லை, போப்பாண்டவரும் இல்லை. அரசனை விட உயர்ந்த சட்டம் இருந்தது, ஆனால் அச்சட்டத்தின் பெயரால் அரசனை எதிர்த்து நிற்க ஒரே தலைமையில் திரண்ட நிறுவனம் இல்லை. உதுமானியப் பேரரசில் தலைமை மார்க்க அறிஞரான ஷேக்குல் இஸ்லாமின் ஃபத்வாவோடு (மார்க்கத் தீர்ப்போடு) 1876இலும் 1909இலும் சுல்தான்கள் பதவி இறக்கப்பட்டார்கள் என்றாலும், அந்த ஷேக்குல் இஸ்லாமை நியமிப்பவரும் நீக்குபவரும் சுல்தானே. ஒரு பக்கம் அதிகாரத்தைத் தேடிய வலுவான நிறுவனம், மறுபக்கம் அதிகாரத்திலிருந்து ஒதுங்க விரும்பினாலும் தற்காத்துக்கொள்ள நிறுவனம் இல்லாத அறிஞர் கூட்டம். பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்வார்கள், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இன்று பல முஸ்லிம் நாடுகளில் அரசும் மார்க்கமும் ஒட்டிக் கிடப்பதற்கு ஏழாம் நூற்றாண்டை மட்டும் காரணம் காட்டுவது அண்மைக் காலத்தை மறைப்பதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எகிப்தின் முகமது அலீ போன்ற ஆட்சியாளர்கள் வக்ஃபு நிலங்களின் மீது கைவைத்தார்கள். சட்டத்தைத் தொகுத்து எழுதும் வேலையை அரசு எடுத்துக்கொண்டது. உலமாக்கள் சம்பளக்காரர்கள் ஆனார்கள். 1924 மார்ச் 3ஆம் நாள் கிலாஃபத்தை (கலீஃபா பதவியை) ஒழித்த துருக்கிக் குடியரசு அதே நாளில் சமய விவகாரங்களுக்கு ஓர் அரசுத் துறையை நிறுவி, பள்ளிவாசல்களைத் தன் நிர்வாகத்தில் வைத்தது. 1961இல் எகிப்தில் நாசரின் அரசு, கெய்ரோவின் பழமையான மார்க்கக் கல்வி நிலையமான அல்அஸ்ஹரைச் சட்டம் போட்டுத் தனக்குக் கீழே கொண்டுவந்தது. மார்க்கமும் அரசும் பிரியாதவை என்ற முழக்கமும் 1928இல் தோன்றிய இஃக்வான் (முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம்) போன்ற நவீன இயக்கங்கள் வழியாகவே இவ்வளவு பரவலாயிற்று. அதற்கு மூன்று ஆண்டு முன்னரே அல்அஸ்ஹர் அறிஞர் அலீ அப்துர் ராஜிக், கிலாஃபத் மார்க்கக் கடமை அன்று என்று நூல் எழுதி, அதற்காக ஆலிம் தகுதியையே இழந்தார். ஈரானில் 1979இல் மார்க்க அறிஞரின் ஆட்சி அரசமைப்பில் எழுதப்பட்டபோது, இராக்கின் நஜஃப் நகரத்துப் பெரும் ஆயத்துல்லாவான (ஷியா மார்க்கத் தலைவரான) கூயி அக்கொள்கையை ஏற்கவில்லை. முஸ்லிம்கள் தங்களுக்குள்ளேயே இன்னும் முடிக்காத ஒரு வாதத்தை, முடிந்துவிட்டது என்று தமிழில் அச்சிட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

மக்களாட்சி பற்றிய உங்கள் கடைசி வரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் 1970களின் நடுப்பகுதி வரை கத்தோலிக்கத்தின் பெயர் சொல்லிய சர்வாதிகாரிகளின் கீழ் இருந்தன. முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா, 1945 ஆகஸ்ட் 18இல் தன் அரசமைப்பின் முகப்புரையிலிருந்து ஷரீஅத்தைக் கடமையாக்கும் சொற்களை நீக்கியது, 1999 முதல் தொடர்ந்து தேர்தல் நடத்திவருகிறது. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களான செனகலை, 1960 முதல் இருபது ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்தியவர் செங்கோர் என்ற கத்தோலிக்கர்.

இந்த அட்டவணையால் வந்த கேட்டைச் சொல்லாமல் முடிக்க இயலாது. பல பள்ளிகள் சேர்ந்து நடத்திய மாதிரித் தேர்வில் இதே கேள்வி வந்தது. நான் மேலே குறிப்பிட்ட மாணவி, இமாம் அஹ்மதின் கசையடியையும் கனோசாவையும் எடுத்துக்காட்டி ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதியிருந்தாள். வேறொரு பள்ளியில் திருத்தப்பட்டு வந்த அந்த விடைத்தாளில், அவள் எழுதியதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், "விடைக்குறிப்பில் உள்ளபடி எழுதவும்". திருத்திய ஆசிரியர் மீது எனக்குக் குறையில்லை, அவர் கையில் இருந்தது உங்கள் விடைக்குறிப்பு. தன் மார்க்கத்தைப் பற்றித் தவறான ஒரு வரியை எழுதினால் மதிப்பெண், சரியாக எழுதினால் சுழியம் என்ற நிலையில் ஒரு பெண்பிள்ளையை நிறுத்தியிருக்கிறீர்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களோ, அவளுடைய சமயம் இயல்பிலேயே மக்களாட்சிக்கு ஒவ்வாதது என்று மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். காயலும் மணப்பாடும் ஒரே பேருந்தில் ஏறி வரும் பள்ளி இது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. வரும் மறுபதிப்பில் இந்த ஒப்பீட்டு அட்டவணையை முழுமையாக நீக்க வேண்டும், சொற்களை மட்டும் மென்மையாக்கித் திரும்ப அச்சிடக் கூடாது. முந்தைய பகுதியைச் சுருக்கியேனும் மீண்டும் சேர்க்க வேண்டும். அதில் குறைந்தது கான்ஸ்டன்டைனுக்கு முந்திய மூன்று நூற்றாண்டுகள், கனோசாவும் வோர்ம்ஸும், 1965ஆம் ஆண்டின் மாற்றம், மதீனா உடன்படிக்கை, மஃமூனின் விசாரணை, 945க்குப் பிந்திய சுல்தான்–உலமா ஏற்பாடு, 1924 ஆகியவை இடம்பெற வேண்டும். தமிழ்க் கடற்கரையின் பத்ரவாதோ வரலாற்றுக்கும் காயல், கீழக்கரை வணிகச் சமூகங்களின் வரலாற்றுக்கும் ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும். திருத்தப்படும் பகுதியை அச்சுக்கு அனுப்பும் முன், திருச்சபை வரலாறு அறிந்த ஒருவரிடமும் இஸ்லாமிய வரலாறு அறிந்த ஒருவரிடமும் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களை ஏற்க வேண்டும்.

மறுபதிப்பு வரும்வரை காத்திருக்க முடியாத ஒரு வேண்டுகோளும் உண்டு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பாக, இந்தக் கேள்விக்கான விடைக்குறிப்பைத் திரும்பப் பெறுவதாக, நூலை வாங்கிய எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். சான்று காட்டி வேறு முடிவுக்கு வரும் விடைகளுக்கும் முழு மதிப்பெண் தரலாம் என்பதை அந்த அறிவிப்பில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அந்த அறிவிப்பு வரும்வரை இந்தப் பக்கத்தை என் வகுப்பில் நடத்தமாட்டேன் என்பதை எங்கள் தலைமையாசிரியருக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

இப்படிக்கு,
கடற்கரைப் பள்ளி ஒன்றின் வரலாற்று ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.